ஜனவரி வரை செல்லும் பாஸ்போர்ட்

ஏப்ரல் 14, 2024. ஞாயிறு

பயணப் பட்டியல் முடிந்தது. நான்கு பக்கம். இங்கிலாந்தில் கெட்டரிங்கிலிருந்து ஏழு பேர் கிளம்புகிறோம். லூட்டனில் விமானம், மால்டாவில் இறக்கம், அங்கிருந்து படகில் கோசோ தீவு. மே 18, சனிக்கிழமை, மகள் ரோவினாவுக்கும் மிக்கியேலுக்கும் அவன் ஊர் தேவாலயத்தில் கல்யாணம். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடச் சான்று, காப்பீடு, மருத்துவ அட்டை என்று ஆளுக்கொரு கட்டம் போட்டிருக்கிறேன். நகர கவுன்சிலில் முப்பத்தொரு வருடம் கட்டட விண்ணப்பங்களைச் சரிபார்த்தவன். தேதி போடாத வரைபடத்தோடு வந்த எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எல்லோரும் நல்ல மனிதர்கள்தான்.

அனுப்பிய பத்தாவது நிமிடம் ரோவினா அழைத்தாள். "அப்பா, படிச்சேன். பிளக் பத்தி அரைப் பக்கம் எழுதியிருக்கீங்க."

"அங்கேயும் நம்ம மூணு முனை பிளக்தான். அது தெரியாம நிறைய பேரு..."

"நீங்க என்னைக் கூட்டிட்டுப் போய் மிக்கியேல் பக்கத்துல நிறுத்தணும். அதுக்கு எந்தக் கட்டமும் காணோமே."

சேர்த்துவிடுகிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அவள் பட்டமளிப்பு விழாவுக்கு நான் போகாததை இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம் போல. அன்று கவுன்சில் கூட்டம். எதைப் பற்றியென்று இப்போது ஞாபகமில்லை.

ஏப்ரல் 21

ஹிலரி அழைத்தாள். விவாகரத்தாகிப் பதினோரு வருடத்தில் அவள் குரலில் கவனம் கூடியிருக்கிறது, வெடிபொருளைக் கையாள்பவர்களுக்கு வருவது போல.

"டெரி ஒண்ணு சொல்லச் சொன்னான். பாஸ்போர்ட்ல முடியற தேதிய மட்டும் பாக்காதயாம், குடுத்த தேதியையும் பாக்கணுமாம். அவன் கூட்டாளி ஒருத்தன திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

டெரி அவளுடைய இப்போதைய ஆள். குழாய் பழுது பார்ப்பவன். பிப்ரவரியில் பாஸ்போர்ட்டைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டு, மார்ச்சில் புதிதாக வாங்கியவன். பயண விதிகளைப் பற்றி அவன் எனக்குச் சொல்கிறான்.

"என்னோடது ஜனவரி வரைக்கும் செல்லும்னு அவன்கிட்டச் சொல்லு. துவைக்காம வெச்சிருக்கேன்னும் சொல்லு."

"சொன்னதச் சொன்னேன், கிளைவ்."

பாஸ்போர்ட் மேசை இழுப்பறையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. பார்த்தால் டெரி சொல்லிப் பார்த்ததாக ஆகிவிடும்.

மே 9

புது சூட் வந்தது. தோளில் கொஞ்சம் பெரியது. சுமாரான கவுன்சிலர் மாதிரி இருக்கிறேன்.

மே 16, வியாழன்

கெட்டரிங். வீடு.

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

லூட்டன் விமான நிலையக் கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை இரண்டு முறை புரட்டினாள். "சார், இது பத்து வருஷம் தாண்டிடுச்சு."

"ஜனவரி வரைக்கும் செல்லும்மா. அச்சடிச்சிருக்கு பாரு."

"நமக்குச் செல்லும் சார். அவங்களுக்குச் செல்லாது. குடுத்த தேதியிலேருந்து பத்து வருஷம்தான் அவங்க கணக்கு. ஏப்ரல் பதினொண்ணோட முடிஞ்சிடுச்சு."

2014இல், பழைய பாஸ்போர்ட் முடிய ஒன்பது மாதம் இருக்கும்போதே முன்னெச்சரிக்கையாகப் புதுப்பித்தேன். மிச்சமிருந்த ஒன்பது மாதத்தைப் புதியதில் சேர்த்துக் கொடுத்தார்கள். அதைப் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நாம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருந்தவரை அந்த ஒன்பது மாதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வெளியே வந்த பிறகு கேட்கிறார்கள். வெளியேறுவதா வேண்டாமா என்ற 2016 வாக்கெடுப்பில் நான் எதற்கு வாக்களித்தேன் என்பது ஹிலரிக்குத் தெரியும். கவுண்டரில் என் பக்கத்தில்தான் நின்றாள். வாய் திறக்கவில்லை. திறந்திருக்கலாம்.

அவசர பாஸ்போர்ட்டுக்கு அங்கேயே ஃபோனில் தேடினேன். மிக அருகில் கிடைத்த நேரம் திங்கட்கிழமை. ஏப்ரல் 21 அன்று இழுப்பறையைத் திறந்திருந்தால் மூன்று வாரத்துக்கு மேல் நேரம் இருந்திருக்கும். சும்மா கையை நீட்டியிருந்தால் போதும். நீட்டவில்லையே.

டெரி தன் பெட்டியைக் கீழே வைத்தான். "பாஸ், நான் வேணா உங்ககூட இருந்துடட்டுமா? தனியா எப்படித் திரும்பிப் போவீங்க?"

"நீ போ. யாராவது ஒருத்தர் அவளைக் கூட்டிட்டுப் போகணும்ல."

அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவன் டையைப் பார்த்துச் சொன்னேன். அதில் மீன் படம் போட்டிருந்தது.

அதே நாள், மாலை

முன்பே கோசோ போய்விட்ட ரோவினாவிடம் ஃபோனில் நானே சொன்னேன்.

"வேணும்னு செய்யலைன்னு எனக்குத் தெரியும்ப்பா." பிறகு, "ஆனா டெரி சொன்னாராமே?"

"சொன்னான்."

"அப்புறம் ஏம்ப்பா பாக்கல?"

பதில் இருக்கிறது. மகளிடம் சொல்லக்கூடிய பதில் இல்லை.

மே 18, சனி

காலை பத்தரை. சூட் போட்டுக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தேன். டெரி வீடியோ அழைப்பைத் திறந்து, ஃபோனைச் சட்டைப் பையில் கேமரா மட்டும் வெளியே தெரியும்படி செருகிக்கொண்டான். ஆக, என் மகளின் கல்யாணத்தை டெரியின் மார்பு உயரத்திலிருந்து பார்த்தேன். ஒரு பக்கம் அவள் முக்காடு. எதிரே மெழுகுவர்த்திகள், ஆடி ஆடி நெருங்கின. மிக்கியேல் தெரிந்தான். அவன் அம்மாவின் தொப்பி தெரிந்தது. ஆர்கன் இசையைவிட டெரி மூக்கை உறிஞ்சுவது பலமாகக் கேட்டது.

அவளை மிக்கியேலிடம் விடும்போது கேமரா அப்படியே முன்னால் சாய்ந்தது. குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தான் போலிருக்கிறது. எனக்கு வெள்ளைத் துணி மட்டும் தெரிந்தது.

நான் இருந்திருந்தால் கைகுலுக்கியிருப்பேன்.

மே 20

பீட்டர்பரோ பாஸ்போர்ட் அலுவலகத்தில் வரிசை. கையில் விண்ணப்பம். எனக்கு முன்னால் நின்றவர் தேதி போடாமல் கொண்டு வந்திருந்தார். என் பேனாவைக் கொடுத்தேன்.

ஜூலை 2

கல்யாணப் புகைப்படங்கள் வந்தன. எண்பத்திரண்டு. எதையும் சரிபார்க்கவில்லை.

செப்டம்பர் 8

ரோவினா அழைத்தாள். ஜூனுக்குப் பிறகு இது மூன்றாவது முறை. கோசோவில் வீடு பார்த்துவிட்டார்களாம், அங்கேயே இருக்கப் போகிறார்கள். டெரிதான் போய்க் குழாய்கள் போட்டுக் கொடுத்தானாம்.

"அக்டோபர்ல கூட்டம் இருக்காது. வர்றீங்களா?"

வருகிறேன் என்றேன். எத்தனை நாள், எந்த விமானம், எதையும் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள்.

அக்டோபர் 17

மால்டா விமான நிலையம். கண்ணாடிக்குப் பின்னால் என் வயதுக்காரர் ஒருவர். புது பாஸ்போர்ட்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"என்ன விஷயமா வர்றீங்க?"

"மகள் கல்யாணத்துக்கு" என்றேன். இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. ஏப்ரலிலிருந்து தயாராக இருந்த பதில்.

"சந்தோஷம். என்னைக்கு?"

"மே மாசம்."

"அடுத்த மே மாசமா?"

"போன மே மாசம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசை நீளமாக இருந்தது. மேலும் ஒரு கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. கேட்கவில்லை. முத்திரை குத்தி, பாஸ்போர்ட்டை மூடி, இரண்டு கையாலும் நீட்டினார்.

"அவங்க வெளியில நிப்பாங்க, போங்க" என்றார்.