இடது கைக்கு ஒரு பேட்

மதினி,

இன்று மதியம் கம்பெனியில் கூட வேலை பார்ப்பவன் ஒரு புது பேட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். உறையைப் பிரித்ததும் கிரிப்பின் ரப்பர் வாடை. "ஷட்டில் பழகப் போறேன், இது சரியா?" என்றான். தண்டை வளைத்துப் பார்த்தேன், வளைவதாக இல்லை. நரம்பும் விறைத்துக் கிடந்தது. "இது ஆட்டம் தெரிஞ்சவனுக்கு. திருப்பிக் குடுத்திரு" என்றேன். முகம் சுருங்கிவிட்டது அவனுக்கு. எனக்குப் பூசி மெழுகத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

கோவில்பட்டிக் கடையில் நாம் நின்ற நாள் ஞாபகம் வந்தது. விளாத்திகுளம் போகும் வழியில் வண்டியிலிருந்து விழுந்து, உங்கள் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் கை திரும்பவில்லை. டாக்டர் ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னார். "பந்துன்னா அடிக்கதுக்குத்தானே, இதென்ன அமுக்கிக்கிட்டு?" என்று அதைத் தூக்கிப் போட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடியவர் அல்லவா! பழைய பூப்பந்து மட்டையை எடுத்துக்கொண்டு வந்து ஷட்டில் காக்கை அடித்தீர்கள். கம்பளிப் பந்துக்கான மட்டை அது, கனம். வழக்கப்படி தோளிலிருந்து வீசினீர்கள். காக் காலடியில் விழுந்தது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். "போதும், வேற சோலியப் பாரு" என்றான் அண்ணன். இந்தக் கை இனி இவ்வளவுதானோ என்ற பயத்தை அன்றைக்குத்தான் உங்கள் முகத்தில் பார்த்தேன்.

மறுநாள் கடைக்குப் போனோம். பழகுகிறவருக்கு எடை குறைவாக இருக்க வேண்டும், தண்டு கொஞ்சம் வளைய வேண்டும், நரம்பு சற்றுத் தளர்வாக இருந்தால் காக் தானாக எகிறிப் போகும் என்று மெக்கானிக்கல் டிப்ளமோக்காரன் நான் பாடம் நடத்தினேன். நீங்கள் விடவில்லை.

"தளந்து கெடந்தா எப்படித் தூரமாப் போவும்?"

"கயித்துக் கட்டில்ல குதிச்சா தூக்கிப் போடுதுல்லா? அந்தக் கணக்குத்தான்."

உடனே ஒவ்வொரு பேட்டையும் விரலில் நிறுத்தி, கனம் தலைப்பக்கமா பிடிப்பக்கமா என்று பார்க்க ஆரம்பித்தீர்கள். கடைக்கார அண்ணாச்சி விலை கூடியதையே நீட்டினார்.

"இது போட்டிக்குப் போறவிய வாங்குதது தங்கச்சி."

"நான் காத்தோட போட்டி போடப் போறேன் அண்ணாச்சி. அதுக்கு எது?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. இருந்ததிலேயே லேசான ஒன்றை உங்கள் வலது கையில் திணித்தேன். நீங்கள் அதை இடது கைக்கு மாற்றினீர்கள்.

"இடது கைக்குன்னு தனி பேட் உண்டா?"

"பேட்டுக்கு ஏது மதினி வலது, இடது?"

"அப்பச் சரி கொழுந்தனாரே. வலது கை பழைய பிளேயர், அதுக்கு லீவு. இடது கை இன்னைக்குத்தான் பள்ளிக்கூடத்துல சேருது. இது அதுக்கு."

அண்ணனின் தீப்பெட்டி ஆபீஸ் முற்றத்தில், காயப்போட்ட குச்சியை அள்ளிய பிறகு, சாயங்காலங்களில் ஆடினோம். மதிலையும் தாண்டி வரும் கரிசல்காட்டுக் காற்று, அடித்த காக்கை அடித்தவர் தலையிலேயே திருப்பிப் போடும். வேலை முடிந்து போகும் பெண்கள் நின்று சிரிப்பார்கள்.

"அக்கா, காக்கு அங்கன போவுது, நீங்க இங்கன வீசுதீங்க!"

"நான் காத்தை அடிக்கேன் ஏட்டி. காக்கு பின்னால வரும்."

ஐப்பசி மழைக்குள் இடது கை தேறிவிட்டது. ஒரு நாள் நான் அடித்த காக் உங்கள் பேட்டுக்குத் தப்பிக் கீழே இறங்கியது. அதற்குள் வலது கை பாய்ந்து பிடித்துவிட்டது. மணிக்கட்டு திரும்பி, உள்ளங்கை வானம் பார்த்து! இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"இடது கை படிச்சது வலது கைக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றீர்கள்.

"நான் மெக்கானிக்கல் மதினி. டாக்டர்ட்ட கேளுங்க."

கேட்டீர்களா, தெரியாது. அடுத்த வருஷம் ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இப்போதும் இடையிடையே பேட்டை இடது கைக்கு மாற்றி ஆடுகிறேன். கேவலமான ஆட்டம். எதற்கு இந்த வேலை என்று கேட்கிறார்கள். அடிப்பது இடது கை; நான் கவனித்துக்கொண்டிருப்பது வலது கையை.