கணேசனுக்காகத் தின்ற வெண்ணெய்ப் பழம்

6-7-86, ஞாயிறு

விடியலில் தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. எட்டு மணிக்கு மேல்தான் வெயில்.

கோயிலில் லெட்சுமி, "பேரப்புள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று கேட்டாள். பாதி சொல்வதற்குள் பூசை மணி அடித்துவிட்டது. விட்டதையும் சேர்த்து இங்கே:

மல்லிகா – ஈப்போவில் நர்ஸ் படிப்பு, இரண்டாம் வருடம். எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளில் பிறந்த பெண்களில் அந்த வெள்ளை உடுப்பைப் போட்டவள் இவள்தான் முதல். சித்திரையில் அனுப்பிய போட்டோவைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன், சாமி படத்துக்குப் பக்கத்தில். (சாமிக்குக் கொஞ்சம் கீழே.)
ரவி – எஸ்.ஆர்.பி., மூன்றாம் படிவத்துப் பரீட்சை, பாஸ். கணக்கில் ஏ.
சிவா – ஆறாம் வகுப்பு. ஓட்டத்தில் மாவட்டத்திலேயே இரண்டாவது. முதலாவது வந்தவனுக்குக் கால் நீளம்.

மூன்றும் என் மகன் கணேசன் பெற்றவை. அவனுக்கும் ஒரு வரி: தஞ்சோங் காராங் நெல் ஆலையில் ஸ்டோர் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. நான் அஞ்சாம் வகுப்பு. பால் மரம் வெட்டி அவனைப் படிக்க வைத்தேன்.

அவனுக்குத்தான் இப்போது நெஞ்சில் கோளாறு. சீனப் பெருநாள் லீவில் மல்லிகா வந்தபோது கோலா சிலாங்கூர் கிளினிக்குக்கு எங்கள் இருவரையும் கூட்டிப் போனாள். "அப்பா தனியா போனா பயப்படுவாரு பாட்டி, நீங்களும் கூட செக் பண்ணிக்குங்க." டாக்டர் மல்லிகாவிடமும் கணேசனிடமும் இங்கிலீஷில் பேசினார். வெளியே வந்து மல்லிகா சொன்னது: பாட்டிக்கு ஒன்றுமில்லை. அப்பாவுக்குத்தான் பிரஷர், இருதயம் பலவீனம். தேங்காய்ப்பால், நெய், கருவாடு கூடாது. வீடு முழுக்க ஒரே சமையல் என்றால்தான் அவர் கட்டுப்படுவார். எனக்குச் சத்து மாத்திரை, தினம் இரண்டு. மாதாமாதம் அவன் மருந்தோடு கணேசனே வாங்கி வருகிறான்.

ஐந்து மாதம் ஆகிறது. தேங்காய்த் துருவி அலமாரி மேலே ஏறிவிட்டது. அம்மனிடம் நேர்ந்துகொண்டிருக்கிறேன்: அவன் தேறும்வரை நான் தேங்காயை வாயில் வைக்கமாட்டேன், தேறினால் பால்குடம். இது வீட்டில் யாருக்கும் தெரியாது. சொன்னால் பலிக்காது.

8-7, செவ்வாய்

நல்ல வெயில். பழத்துக்காகத் துரை பங்களாவுக்குப் போனேன். மேட்டில் ஏறும்போது இந்தத் தடவை நடுவில் நிற்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. சத்து மாத்திரை வேலை செய்கிறது.

வெண்ணெய்ப் பழ மரம் பழைய வெள்ளைக்காரத் துரை வைத்தது. முன்னெல்லாம் கீழே விழுந்ததை ஆட்டுக்குப் போடுவோம். இப்போது மல்லிகா அதை அவகாடோ என்று சொல்லி இரண்டு பக்கம் கடிதம் எழுதுகிறாள். தோட்டக்கார மாரி அண்ணன் ஏழு பறித்துக் கொடுத்தார்.

"என்ன பாக்கியம், ஆட்டுத் தீனியெல்லாம் இப்ப ஆஸ்பத்திரி மருந்தாப் போச்சா?"

"மகன் உசுரு அண்ணே. நீங்க சிரிங்க."

மல்லிகா எழுதியது, மறக்காமல் இருக்க:
– இதிலும் கொழுப்புதான். ஆனால் நெய்யில் இருப்பது போல இல்லை, நெஞ்சுக்கு ஒத்துப்போகிற ஜாதி.
– ஆளுக்கு அரைப் பழம் போதும்.
– நெய்க்கும் தேங்காய்க்கும் பதிலாக. அதோடு சேர்த்து அல்ல.
– சீனியும் டின் பாலும் ஊற்றிப் பிசைந்தால் தின்று பயன் இல்லை.

நான் கண்டுபிடித்தது:
– அரிசி டின்னில் புதைத்து வை. காம்புப் பக்கம் அமுக்கிப் பார். அமுங்கினால் பழுத்தது.
– அடுப்பில் வைத்தால் கசக்கும். சாம்பாரில் போட்டு ஒரு பானை வீண்.
– சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை, சிட்டிகை உப்பு. கையால் மசி. தோசைக்குத் தேங்காய்ச் சட்னி மாதிரியே. மாதிரியே என்று சொல்லிக்கொள்ளலாம்.

ரவி தட்டைப் பார்த்து, "இன்னிக்கும் பச்சையா பாட்டி?" என்றான். அப்பா முகத்தைப் பார்த்துத் தின்னு என்றேன்.

11-7, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். கணேசன் சாப்பாட்டுக் கேரியரை மேசையிலேயே விட்டுப் போய்விட்டான். அறுவடை நேரம், ஆலையில் வேலை அதிகம். மருமகள் சரோஜா, "விடுங்க அத்தை, அங்க ஏதாவது பாத்துக்குவாரு" என்றாள். ஏதாவதைத்தான் அவன் தின்னக் கூடாதே. பஸ் ஏறினேன்.

பதினொன்றரைக்குத் தஞ்சோங் காராங். ஆலை வாசலில் நெல் லோரி வரிசை. அவன் உள்ளே இல்லை. எதிரே பாய் கடையில். இலையில் ஆட்டுக்கறி பிரட்டல். எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை.

பாய்க்கு என்னைக் கண்டதில் சந்தோஷம். "வாங்கம்மா, உக்காருங்க. உங்க மகன் வெள்ளிக்கிழமைன்னா தவறமாட்டாரு. அவருக்குன்னு ஈரல் எடுத்து வச்சிடுவேன்."

கணேசன்: "ஒரு நாள்தான்லா அம்மா."

"பாய் எல்லா வெள்ளியும்னு சொல்றாரு."

அதற்கு அவன் சிரித்தான். நெஞ்சு கெட்டவன், கையில் பிடித்த எலும்பைக்கூடக் கீழே வைக்காமல் சிரித்தான்.

கேரியரை அவன் முன்னால் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் அழவில்லை. ஐந்து மாதம் நான் நாக்கைக் கட்டியது இதற்கா.

14-7, திங்கள்

மப்பு. மழை இல்லை.

வீட்டில் சொல்லாமல் கிளினிக். கணேசன் மேல் புகார் சொல்லத்தான் போனேன். டாக்டரை விட்டு அவனை ஒரு மிரட்டு மிரட்டச் சொல்லலாம் என்று.

நர்ஸ் மலாய்க்காரப் பெண், சின்ன வயது. அவளும் நானும் பேசியது மலாயில். அவளுக்கு நான் மக்சீ, அத்தை மாதிரி. மகன் பெயரைச் சொன்னேன். தேடி எடுத்தாள்.

"உங்க மகனுக்கு ஒன்னுமில்லையே மக்சீ. பிப்ரவரியில ஒரு தடவ பாத்திருக்கு. எல்லாம் நல்லா இருக்கு. மருந்தே எழுதல."

"மாசாமாசம் இங்கதான வந்து வாங்கிட்டுப் போறான்."

"அது அவருக்கில்ல. பாக்கியம்னு ஒருத்தங்களுக்கு. அவங்களுக்குத்தான் பிரஷர், இருதயமும் சரியில்ல." அட்டையைத் திருப்பிக் காட்டினாள். "மக்சீக்கு அவங்க யாரு?"

நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. சொந்தக்காரி என்றேன்.

மாத்திரை எப்படி இருக்கும் என்று கேட்டேன். புட்டியைத் திறந்து காட்டினாள். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள். என் சத்து மாத்திரை.

"மாத்திரைய விடக் கூடாதுன்னு சொல்லுங்க மக்சீ. உப்பையும் கொறைக்கச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

15-7, செவ்வாய்

வெயிலா மழையா, பார்க்கவில்லை.

செய்தது:
– மல்லிகா போட்டோவைக் கழற்றி அலமாரியில், சேலைக்கு அடியில், குப்புற.
– துருவியை இறக்கிக் கழுவினேன்.
– தேங்காய் மூன்று. கெட்டிப்பாலில் கோழிக் குழம்பு. கத்தரிக்காய்க்கும் பால். பாயசம்.

சரோஜா வந்து பார்த்துவிட்டு நின்றாள். "அத்தை, அவருக்கு ஆவாதே."

"யாருக்கு?"

கொல்லைக்குப் போய்விட்டாள். இவளுக்கும் தெரியும்.

ஐந்தரைக்குக் கணேசன் வந்தான். என் தட்டில் சோறும் குழம்பும் போட்டுக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"அம்மா, நீங்க அதச் சாப்பிடாதீங்க."

"ஏன், எனக்குத்தான் ஒன்னுமில்லன்னு டாக்டர் சொன்னாரே. சத்து மாத்திரை வேற முழுங்குறேன்."

அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்: "மல்லிகாதான் சொன்னுச்சு. பாட்டிக்குன்னு சொன்னா பாட்டி கேக்காது, அப்பாவுக்குன்னு சொன்னா கேக்கும்னு. முன்ன எஸ்டேட் ஆஸ்பத்திரியில பிரஷருக்குக் குடுத்த மாத்திரைய நீங்க என்ன செஞ்சீங்க?"

கோழிக்கூண்டுக்குப் பின்னால் கொட்டினேன். அது இவனுக்கு எப்படித் தெரியும்.

"அஞ்சு மாசமா நானும் அந்தப் பச்சையத்தான் திங்கிறேன் அம்மா. நாக்கு செத்துப்போச்சு. அதான் வெள்ளிக்கிழமைல..."

"உன் நெஞ்சுக்காக நான் அம்மன்கிட்ட நேர்ந்துகிட்டேன்டா. நல்லா இருக்கற நெஞ்சுக்கு."

அது அவனுக்குத் தெரியாது.

நான் சாப்பிடவில்லை. நேர்ந்தது வாயை மூடிவிட்டது. ரவி மூன்று தடவை குழம்பு வாங்கித் தின்றான். சிவா பாயசச் சட்டியை வழித்தான். அதையும் உட்கார்ந்து பார்த்தேன்.

16-7, புதன்

யாரோடும் பேச்சில்லை. மாத்திரையும் இல்லை. சரோஜா தண்ணீர் டம்ளரோடு இரண்டு தடவை வந்து நின்றாள். திரும்பிக்கொண்டேன்.

பொய் சொன்னார்கள் என்பது ஒரு பக்கம். எனக்கென்று சொல்லியிருந்தால் நான் ஒரு தேங்காயைக்கூட விட்டிருக்கமாட்டேன். அதுவும் உண்மை. இருபது வயதுப் பெண் அதைத் தெரிந்து வைத்திருக்கிறாள். என்னைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் ஒரு வீடே கூடிப் பேசியிருக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

மாலையில் கிணற்றடி வரை நடந்தேன். மூச்சு வாங்கியது. கோபத்தினாலா, மாத்திரை இல்லாததாலா, தெரியவில்லை.

17-7, வியாழன். ஆடி முதல் நாள்.

மழை. குடையோடு கோயில். அம்மன் முன்னால் வெகுநேரம் நின்றேன். நேர்ந்ததை இல்லை என்று ஆக்க முடியாது. பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொள் என்று சொன்னேன். கணேசன் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். எனக்காகக் கேட்பது இதுதான் முதல் தடவை, கூச்சமாக இருந்தது.

வீட்டில் அரிசி டின்னுக்குள் கையை விட்டேன். மாரி அண்ணன் கொடுத்ததில் கடைசி ஒன்று. காம்புப் பக்கம் அமுங்கியது. அறுத்து, பாதியை நின்றபடியே தின்றேன். வெங்காயம், மிளகாய் எதுவும் சேர்க்கவில்லை. அவனுக்காகத் தின்றபோது ருசி இருந்தது. இன்று வெறும் பழம். மாத்திரையும் போட்டேன். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று. சரோஜா பார்த்தாள்.

மல்லிகாவுக்குக் கடிதம். மூன்று எழுதிக் கிழித்தேன். நாலாவது நாளைத் தபாலில் போட:

மல்லிகா, பாட்டிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. மாத்திரை முழுங்கினேன். பழம் தின்றேன். உன் போட்டோவை இறக்கிவிட்டேன். சித்திரையில் எடுத்தது அது, அதில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய். அப்போதே உனக்குத் தெரியும். ஆணி சும்மா இருக்கிறது. வேறு போட்டோ எடுத்து அனுப்பு.