சாராளின் பவுடர் டப்பா

சாராள்,

பவுடர் டப்பாவைத் தேடாதே, காலி. நீ சொன்னபடிதான் செய்தேன். நேற்று வேனுக்குள் கூரைத் துணியைக் கழற்றி, தகரம் முழுக்கப் பவுடரைத் தடவிவிட்டு, மேலே ஏறித் தண்ணீர் ஊற்றினேன். பவுடரில் ஈரக்கோடு பளிச்சென்று தெரிந்தது. ஓட்டை பின்னால், கூரை மேல் கேரியரை முடுக்கிய போல்ட்டில். அங்கிருந்து வழிந்துவந்துதான் முன்னால் உன் சீட்டில் சொட்டியிருக்கிறது. நானோ சொட்டுகிற இடத்திலேயே தாரைப் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன். "வேனுக்கு மேக்கப் போடச் சொல்றியா?" என்று நான் கத்தியது தப்புதான். அதற்காக அக்கா வீட்டுக்கே போய்விடுவதா?

போல்ட்டுக்கு ரப்பர் வாஷர் போட்டு எம்-சீல் பசை வைத்து அடைத்தேன். காலையில் மறுபடி ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

இன்று நீ வந்துவிடுவாய் என்று அக்கா போனில் சொன்னார்கள்; நான் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றப் போகிறேன். நெத்திலிக் குழம்பு அடுப்பு மேலேயே இருக்கிறது, உப்பு பார்த்துக்கொள்.

அஸ்தினாபுரத்திலிருந்து அப்பாதுரை சார் வேனை விலை பேச வருவார். காபி கொடுத்து, "அவரு விக்கலியாம் சார்" என்று சொல்லி அனுப்பிவிடு. கோபத்தில் வரச் சொல்லிவிட்டேன்.

சுந்தர்சிங்

பி.கு.: புது பவுடர் வாங்கி வருகிறேன்.

இன்னொன்று: ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அன்றைக்குச் சொட்டி நனைந்த அந்த நீலப் பட்டுப் புடவையையே கட்டிக்கொண்டு முன்சீட்டில் உட்கார். மழை வந்தால் வரட்டும்.