எரியோட்டு மனையும் செல்வியின் பங்கும்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வருகிற மாதிரி இருட்டி, வராமல் போனது. மருந்துக்கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு இடம் பார்க்கப் போனோம். நானும் பாத்திமா அத்தாவும் (மகள் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டுப் பழக்கம்), வண்டியில்.

எரியோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சின்ன ஊருக்குள்ளேயே. ஆறு சென்ட். பழைய வீட்டு மனை. வீடு விழுந்து சுவரின் அடி மட்டும் நிற்கிறது. பின்னால் ஒரு வேப்ப மரம். தெருமுனையில் குழாய். பஸ் நிறுத்தம் நடக்கிற தூரம்தான்.

ஊர் நத்தம், காலங்காலமாகக் குடியிருக்கிற நிலம், அதனால் பிளாட் அங்கீகாரம் இல்லை என்று பதிவில் நிறுத்த மாட்டார்கள் என்றார் புரோக்கர் தங்கராசு. விற்பவர் முருகேசன். லோடு ஆட்டோ வைத்து ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறார். அப்பா பெயரில் பட்டா, அப்பா அம்மா இரண்டு பேரும் இல்லை. முகத்தைப் பார்த்துப் பேசாத மனிதர். கூச்சம் போல.

பா. அத்தா காலால் அளந்தார். "இங்கன அடுப்படி. இங்கன பாத்திமாவுக்கு ஒரு ரூம்பு." தோல் மண்டியில் நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிறவர். இன்று நிமிர்ந்து நடந்தார்.

திண்டுக்கல் பேகம்பூரில் நாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரர் பொங்கலுக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். மகனுக்குக் கல்யாணமாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இது ஐந்தாவது வாடகை வீடு.

ஆகஸ்ட் 9, சனி

பத்திர எழுத்தரைப் பார்த்தோம். வேடசந்தூர். பல்வலி அவருக்கு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

விலை ஒன்று, அதற்கு மேல் செலவு இத்தனை என்று இன்றைக்குத்தான் புரிந்தது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து நூற்றுக்கு ஒன்பது. பெண் பெயரில், பத்து லட்சத்துக்குள் வாங்கினால் அதில் ஒன்று குறையும். வழிகாட்டி மதிப்புக்குக் கீழே விலை எழுத முடியாது. அப்புறம் எழுத்துக் கூலி, வக்கீல், வில்லங்கச் சான்று, சர்வேயர், பட்டா மாற்றம். "போக வர டீச் செலவையும் எழுதிக்கங்க" என்றார், வலியிலும் சிரித்தபடி.

"அப்ப மும்தாஜ் பேர்லயே எழுதிருங்க" என்றார் பா. அத்தா. யோசிக்கவே இல்லை. என் பெயரில் இதுவரை ரேஷன் கார்டு மட்டும்தான்.

சீட்டுப் பணம், வளையல், அண்ணன் தருவதாகச் சொன்னது. எல்லாம் சேர்த்தாலும் ஆறு சென்டுக்கு இழுபறிதான். இருந்தும் மாலையில் ஒப்பந்தம் எழுதி அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பாத்திமாவுக்கும் காட்டலாம் என்று மூன்று பேராகப் போனோம். தங்கராசும் முருகேசனும் வந்திருந்தார்கள். எதிர் வீட்டு அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நல்ல மாதிரி. அவர்கள்தான் கேட்டார்கள்:

"அப்ப செல்வி கையெழுத்துப் போட்டுட்டாளா?"

எந்தச் செல்வி என்றேன். அந்த அம்மா முருகேசனைப் பார்த்தார்கள். அவர் ஆட்டோவுக்குப் பக்கத்தில் போய் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முருகேசனோடு கூடப் பிறந்த தங்கச்சியாம், அந்த அம்மாதான் சொன்னார்கள். வேதக்காரப் பையனை, கிறிஸ்தவப் பையனை, கட்டிக்கொண்டு போனவள். சின்னாளப்பட்டியில் இருக்கிறாள். அப்பா இறந்தபோது வாங்கிய வாரிசுச் சான்றிதழில் அம்மா பெயரும் முருகேசன் பெயரும் மட்டும்தான் இருக்கிறது. நானே படித்துப் பார்த்தேனே.

திரும்பும்போது தங்கராசு சொன்னது: "சான்றிதழ்ல பேரு இல்லைன்னா ஆளே இல்லைன்னு அர்த்தம்மா. ஒன்பது வருசமா எட்டிப் பாக்காதவ இனிமே எங்க வரப் போறா? சட்டுபுட்டுன்னு முடிச்சுருவோம்."

பாத்திமா வண்டியில் வரும்போது கேட்டாள். "ஏம்மா, ஆளு உசுரோட இருக்கைல எப்படிம்மா பேரு இல்லாமப் போகும்?"

ஆகஸ்ட் 20, புதன்

வக்கீலம்மா. கோர்ட் எதிரில் மாடியில் சின்ன ரூம். காகிதங்களை நிதானமாகப் பார்த்தார்கள்.

"வில்லங்கம் சுத்தமாத்தான் இருக்கு. ஆனா அதுல பதிவான பத்திரம்தான் தெரியும். தங்கச்சி இருக்கா இல்லையான்னு அதுல வராது."

பெண் பிள்ளைக்கும் சரிபாதி. அவளை விட்டு எழுதினால், முருகேசன் தன் பாதியைத்தான் விற்றதாக ஆகும். நாங்கள் வீடு கட்டிக் குடியேறின பிறகு அவளோ அவள் பிள்ளைகளோ கேஸ் போடலாம். அவளையும் சேர்த்து வாரிசுச் சான்றிதழ் வாங்கி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் பயமில்லை.

"அவுக குடும்ப விசயம்ல நாம எப்படிங்க தலையிடுறது?" இது பா. அத்தா.

"துட்டு நீங்க குடுக்குறீங்கள்ல. அப்பவே தலையிட்டாச்சு."

கீழே இறங்கி ஆளுக்கொரு கரும்புச் சாறு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சின்னாளப்பட்டி. தனியாகத்தான் போனேன், டவுன் பஸ்ஸில். மதுரை ரோட்டில் ஒரே தூசி.

எதிர் வீட்டு அம்மா சொன்ன அடையாளத்தை வைத்து விசாரித்தேன். ஒரு சேலைக் கடையின் பின்கட்டு. சுங்குடிச் சேலைகளை மடித்து அட்டை வைத்துக் கட்டுகிற வேலை. செல்விக்கு முப்பத்தைந்து இருக்கலாம். அண்ணனின் மூக்கு அப்படியே.

வந்த விஷயத்தைச் சொன்னேன். மடிப்பதை நிறுத்தவில்லை.

"அண்ணன் அனுப்புச்சா?"

"இல்லம்மா. அவுகளுக்குத் தெரியாது."

"அப்ப எம்புட்டுக் குடுத்தா கையெழுத்துப் போடுவேன்னு கேக்க வந்தீகளாக்கும்."

உண்மை அதுதான். அதனால் தலையை மட்டும் ஆட்டினேன். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். கடைப் பையனிடம் டீ வாங்கிவரச் சொன்னாள்.

புருஷன் ஆரோக்கியம், பெயின்டர். இரண்டு பெண் பிள்ளைகள். அப்பா இறந்த சேதி கேட்டு ஓடியபோது அண்ணன் வாசலில் நின்றிருக்கிறார். "வையல, அடிக்கல. ஒண்ணுமே பேசாம கதவச் சாத்துச்சு. ரோட்டுல நின்னு பாத்துட்டு வந்தேங்க்கா. அம்மாவுக்கு அதுவும் இல்ல. காரியம் முடிஞ்ச பொறகுதான் தெரியும்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். பங்குக்கு உள்ள பணத்தை வாங்கிக்கொள், நான் பேசி வாங்கித் தருகிறேன் என்றேன்.

"துட்டு வேணாம். துட்டா வந்தா வாடகையில கரைஞ்சுரும். எம் பங்க அளந்து குடுக்கச் சொல்லுங்க. மூணு சென்ட். எங்கப்பா இருந்த எடம். அதுல நான் தகரக் கொட்டாய் போட்டுக் கெடந்தாலும் யாரும் காலி பண்ணுன்னு சொல்ல முடியாதுல்ல?"

திரும்பி வரும்போது அவள் மேல் கோபம். எனக்கு ஒரு கையெழுத்துத்தான் வேண்டியிருந்தது. என் இடத்தில் பாதியைக் கேட்கிறாள். காந்திகிராமம் தாண்டும்போது நினைத்துப் பார்த்தேன், "என் இடம்" என்று எப்போதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்?

ஆகஸ்ட் 26, செவ்வாய்

கடையில் கூட்டம், ஊரெல்லாம் காய்ச்சல். அந்த நேரத்தில் முருகேசன் போன். நான் சின்னாளப்பட்டி போனது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது.

"பாயம்மா, ஒங்களுக்கு எடம் வேணுமா, இல்ல எங்க குடும்பத்தக் கிளறணுமா? அட்வான்ஸ வாங்கிக்கிட்டு வேற எடம் பாருங்க."

போனை வைத்துவிட்டார். அந்த யோசனையிலேயே ஒருவருக்கு மாத்திரையை மாற்றி எடுத்துவிட்டேன். நல்லவேளை, பில் போடும்போது கண்ணில் பட்டது.

வீட்டில் பா. அத்தா சத்தம் போடவில்லை. "நீ போகாம இருந்தா இந்நேரம் முடிஞ்சுருக்கும் மும்தா." அவ்வளவுதான். சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் பல் தேய்த்துக்கொண்டே பா. அத்தா சொல்கிறார்: "எங்க அத்தா வீட்ட வித்தப்ப அக்காவுக்கு உள்ளதக் குடுத்துட்டுத்தான நாங்க பிரிச்சோம். அன்னைக்கி எனக்கும் வயிறு எரிஞ்சுச்சு. ஆனா இன்னைக்கும் அவ வீட்டுல போய் உக்காந்து சோறு திங்க முடியுது."

வாய் கொப்பளித்துவிட்டு மண்டிக்குக் கிளம்பிவிட்டார். ஒன்றிரண்டு நாளாக இறங்காத சோறு இன்றைக்கு இறங்கியது.

செப்டம்பர் 14, ஞாயிறு

நல்ல மழை. கொடியில் காய்ந்த துணி எல்லாம் நனைந்தது.

வேறு இரண்டு இடம் பார்த்தோம். ஒன்றுக்குப் பாதை இல்லை. ஒன்றை விற்பவர் மூலப் பத்திரத்தைக் காட்ட மறுக்கிறார்.

மாலை, சொல்லாமல் கொள்ளாமல் முருகேசன் வந்தார். கூட அவர் மனைவி பாண்டியம்மா. அட்வான்ஸ் திருப்பித் தரத்தான் என்று நினைத்தோம். அது ஆட்டோ ஃபைனான்ஸுக்குப் போய்விட்டதாம். இன்னும் இரண்டு தவணை நின்றால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள்.

பாத்திமா டீ கொடுத்தாள். அவர் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"அவளுக்குப் பங்கு குடுக்க எனக்கு வலிக்கலைங்க. அன்னைக்கி ஆபீஸ்ல தங்கச்சி இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன். இப்ப அவ பேரச் சேக்கணும்னா, நான் பொய் சொன்னேன்னு எல்லார் முன்னாலயும் ஆகும்ல?"

"ஆகும்ங்க" என்றார் பா. அத்தா. "அன்னைக்கி ஒரு நாளு தல குனிஞ்சு நிக்கணும். கூட நாங்களும் வாரோம்."

பாண்டியம்மா புருஷன் பக்கம் திரும்பினாள். "எம் மூத்தவன இடுப்புலயே வச்சு வளத்தவ அவ. அவளப் போயி இல்லைன்னு எழுதுனீகளே. எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்."

முருகேசனுக்குக் கண் கலங்கிவிட்டது. டீ ஆறிப் போனது. வேறு சூடாகப் போட்டுக் கொடுத்தேன், குடித்தார்.

ஆனால் செல்வி பேரைச் சேர்த்து அவள் பங்கைப் பிரித்துவிட்டால் மூன்று சென்ட்தான் எங்களுக்கு. பாத்திமா ரூம் சின்னதாகும். விலையும் பாதி. வளையலை விற்க வேண்டாம். அண்ணனிடமும் கேட்க வேண்டாம்.

அக்டோபர் 8, புதன்

பழைய வாரிசுச் சான்றிதழை ரத்து பண்ணிப் புதியது கேட்டு மனுப் போட்டதற்கு இன்று விசாரணை. கிராம நிர்வாக அலுவலர் அலுவலகம். ஒரே ஒரு பெஞ்ச். ஒரு ஓரத்தில் முருகேசன், மறு ஓரத்தில் செல்வி, நடுவில் நான். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பா. அத்தா வெளியே வேப்ப நிழலில்.

அலுவலர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "இந்தம்மா யாரு?"

முருகேசன் எழுந்து நின்றார்.

"எந்தங்கச்சி."

"ஒடம்பொறந்ததா, சித்தப்பா பெரியப்பா மகளா?"

"ஒடம்பொறந்ததுங்க. ஒரே தாய் தகப்பன்."

"பொறகு ஏன்யா முன்னாடி சொல்லல?"

"சொல்லலைங்க. தப்புத்தாங்க."

அவர் முறைத்தார், ஏதேதோ சொன்னார், அப்புறம் எழுதினார். செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஆளுக்கொரு திசை. பேசிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தது என் தப்பு.

நவம்பர் 16, ஞாயிறு

சான்றிதழ் வந்துவிட்டது. சர்வேயர் அளந்தார். வேப்ப மரம் தன் பக்கம்தான் வர வேண்டும் என்று செல்வி பிடிவாதம். பின் பாதி அவளுக்கு, முன் பாதி எங்களுக்கு; போக வர ஓரத்தில் பொதுப் பாதை. பா. அத்தாவுக்கு நிழல் போச்சே என்று ஏக்கம். கல் நடும்போது முருகேசன் கடப்பாரை போட, ஆரோக்கியம் கல்லைப் பிடித்தார். இரண்டு பேரும் பேசியதெல்லாம் "கொஞ்சம் சாய்ங்க", "போதுங்க" இவ்வளவுதான்.

முதலில் அண்ணன் தங்கைக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம். குடும்பத்துக்குள் என்பதால் செலவு குறைவு. அதன் பிறகு முருகேசன் பங்கு எனக்குக் கிரயம். இரண்டும் ஒரே நாளில்.

நவம்பர் 26, புதன்

பதிவு. அசல் ஆதார், பான் கார்டு, வங்கி டிராஃப்ட், போட்டோ, சாட்சி இரண்டு பேர், எல்லாம் எடுத்தாயிற்று என்று வேடசந்தூர் போய் இறங்கினால் சர்வர் வேலை செய்யவில்லை. மர நிழலில் உட்கார்ந்து கிடந்தோம். பாண்டியம்மா கட்டிவந்த புளிச்சோறு எல்லோருக்கும்.

அந்த நேரத்தில் பத்திர எழுத்தர் வாசித்துக் காட்டினார். "காலஞ்சென்ற கருப்பையா அவர்களின் மகளும், ஆரோக்கியம் என்பவரின் மனைவியுமான செல்வி." செல்வி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிழை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, சும்மாதான் என்றாள்.

மதியத்துக்கு மேல் கூப்பிட்டார்கள். கைரேகை, போட்டோ. பணம் முழுக்க வந்ததா என்று சார்பதிவாளர் கேட்க, வந்தது என்றார் முருகேசன். வாங்குபவர் என்ற இடத்தில் என் கையெழுத்து. கொஞ்சம் கோணல்.

வெளியே வந்ததும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் போக வேண்டும் என்று செல்வி பஸ்ஸுக்குப் பரபரத்தாள். முருகேசன் லோடு ஆட்டோவைக் கிளப்பிவிட்டு, அவளைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பார்த்துச் சொன்னார்:

"ஏறு. சின்னாளப்பட்டி வழியாத்தான் போறேன்."

அவர் வீடு எரியோடு. சின்னாளப்பட்டி நேர் எதிர்ப்பக்கம், திண்டுக்கல்லையும் தாண்டி. பாண்டியம்மா நகர்ந்து உட்கார்ந்தாள். செல்வி பஸ் வரும் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு ஏறினாள்.