விசிறி ஒடிஞ்ச பிளேனு

செவ்வாக்கெளம ராத்திரி

ஏலே பிளேனு, சாப்பிட்டியா? எனக்கு மோருஞ்சோறு. மோரும் புளிச்சுப்போச்சு.

மகன் துபாய்க்குப் போகையில விட்டுட்டுப்போன குட்டிப் பிளேனுக அலமாரி பூரா நிக்கிது. எல்லாம் றெக்கையில விசிறி வச்ச அந்தக்காலத்துப் பிளேனு. வீட்டுல பேச ஆளில்ல. நாலு பேருகிட்ட காட்டுவமேன்னு ஒன்ன மட்டும் நான் வேல பாக்குற வெடிக் கம்பெனிக்கு எடுத்துட்டுப் போனேன். நீ இரும்புங்கிற நெனப்பே இல்ல.

கேட்டுல சூப்பர்வைசர் பிடிச்சுட்டாரு. "அண்ணாச்சி, இதக் கொண்டாரலாமா? ஒரசிப் பொறி விழுந்தா இது பறக்காது, நாமதான் பறப்போம்"னு சிரிச்சுட்டு, பொம்பளைக களத்திப்போட்ட வளையல், கொண்ட ஊசியோட பெட்டியில போட்டாரு. சாயங்காலம் எடுத்தா ஒரு விசிறி ஒடிஞ்சு கெடக்கு.

மகன் போன்ல மொதல்ல, "பிளேனெல்லாம் நல்லாருக்கா"ன்னுதான் கேப்பான். பெறகுதான் என்னைய. என்னன்னு சொல்ல?

இந்தா, போன் அடிக்குது. அவன்தான். இன்னிக்காச்சும் மொதல்ல என்னையக் கேட்டான்னா…