மூன்று மணி அடித்தால்

நைனா,

உன் கீபோர்டு இப்போது என் பெங்களூர் அறையில் இருக்கிறது. அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்கள் மட்டும் உன் விரல் பட்டுத் தேய்ந்திருக்கின்றன. மாலையிலிருந்து அதன்மேல் துண்டைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். பார்க்க முகமில்லை.

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கக் குடியிருப்பு வீட்டில், உன் கம்ப்யூட்டரில் ஒரே பட்டனில் வேலை முடியும்படி ஷார்ட்கட் அமைத்துத் தந்த ஞாயிறு நினைவிருக்கிறதா? மௌஸைப் பிடித்தால் உன் கை ஆடும். "பட்டனை அமுக்கனா வேலை ஆவணும்மா" என்றாய். டெர்மினல் என்ற கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளைத் தட்டினேன். எந்த எண்ணுக்கு எந்த வேலை என்று நீதான் சொன்னாய். சுரங்கத்தில் ஆட்கள் போகும் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் எஞ்சினை ஓட்டியவன், கீழிருந்து அடிக்கும் மணிச் சைகைக் கணக்கை விடுவாயா?

"ஒரு மணின்னா நிறுத்து. ரெண்டுன்னா இறக்கு. மூணுன்னா ஆளு ஏறுது, பாத்து ஓட்டு."

அப்படியே ஒன்றில் பாட்டு நின்றது, இரண்டில் சத்தம் இறங்கியது. மூன்றை அமுக்கினால் எனக்கு வீடியோ கால் வரும். பாதி நாள் உன் முகவாய்க்கட்டை மட்டும்தான் தெரியும்.

அந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு பெயரும் தர வேண்டியிருந்தது. 'ஏபிசி' என்று தட்டினேன்.

"இன்னாம்மா பேரு இது?"

"ஏதோ ஒண்ணு நைனா. யாரு பாக்கப் போறா?"

"கேஜு இறங்குற ஒவ்வொரு ஷாஃப்டுக்கும் பேரு இருந்துச்சும்மா" என்று முனகிக்கொண்டே டீ குடிக்கப் போய்விட்டாய்.

நீ இறந்த பிறகு உன் கீபோர்டை மாட்டி, அதே மூன்றையும் என் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அமைத்துக்கொண்டேன். பெயரைக்கூட மாற்றவில்லை. இங்கே மூன்றை அமுக்கினால் மீட்டிங்கில் சேர்ந்துவிடலாம். இன்று ஆன்லைன் மீட்டிங்கில் என் திரையைப் பகிர்ந்தபோது, நான் மௌஸைத் தொடுவதே இல்லை என்பதை மேலாளர் கவனித்துவிட்டார். எந்த எண் எதற்கு என்று விளக்கினேன்.

"நல்லா இருக்கே! யாரோட ஐடியா?"

திரையில் அத்தனை முகங்கள். என் அப்பா தங்கச் சுரங்கத்தில் கேஜ் ஓட்டினார் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? "இன்டர்நெட்ல பார்த்தேன்" என்றேன். ஊரைக் கேட்டாலே "பெங்களூர் பக்கம்" என்று மழுப்புகிறவள்தான். இன்று உன்னையே மழுப்பிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது நைனா.

இப்போதுதான் துண்டை எடுத்தேன். டெர்மினலைத் திறந்து 'ஏபிசி' இருந்த இடத்தில் உன் பெயரைத் தட்டினேன். அதையும் நான் மட்டும்தான் பார்ப்பேன். அந்த அளவுக்குத்தான் என் தைரியம்.

நாளைக் காலை மறுபடி மீட்டிங். உன் மூன்றை அமுக்கித்தான் உள்ளே போவேன். போனதும் அது உன் ஐடியா என்று வாய் திறந்து சொல்வேனா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.