வெந்நீர் அடுப்பருகே இருந்த ஐஸ்பெட்டி

அடியே,

இன்று காலை அடுப்படி முழுக்க மீன் வாசம். ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கழுவி, மஞ்சள் தடவி, ஐஸ்பெட்டியின் ஐஸ் பிடிக்கும் மேலறையில் வைத்திருந்த கெம்போங் மீன், பையோடு தண்ணீரில் ஊறிக் கிடந்தது. அந்தத் தண்ணீர் கதவிடுக்கில் வழிந்து, கீழ்த்தட்டுக் காய்கறியை நனைத்து, தரையில் ஓடி, நான் விரித்திருந்த சாக்கையும் தாண்டிப் பின்வாசல் படியிறங்கிப் போயிருந்தது. வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு முதலில் வந்தது உன்மேல் கோபம்தான். போய்ச் சேர்ந்தவள்மேல் கோபப்படக் கூடாது என்று எனக்கும் தெரியும். முப்பது வருஷம் தேயிலைத் தோட்டத்து ஒரே லயத்தில், ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து சண்டை போட்டவர்கள் நாம். ஆறு மாதத்தில் அந்தப் பழக்கம் எங்கே போய்விடும்?

உன் கருமாதி முடிந்த மறுநாள் உன் மகன் வந்து நின்றான். "பெரியம்மா, அம்மாவோட பிரிட்ஜை நீங்களே வச்சுக்குங்க. ஷா ஆலம் பிளாட்ல இதுக்கு எடம் இல்லலா. பெரியப்பா மருந்தும் இதுக்குள்ளதானே இருக்கு" என்றான். சொல்லிவிட்டு அழுதான். நானும் அழுதேன். அழுதுகொண்டே, அதை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் புத்தி உனக்குத் தெரியாதா?

எங்கள் வீட்டில் ஐஸ்பெட்டி இருந்ததே இல்லை. இந்த மலையில் பிறந்துவிட்டு ஐஸ்பெட்டி வாங்குகிறவர்களைப் பார்த்துச் சிரித்தவள் நான். சன்னலைத் திறந்து வைத்தால் பால் இரண்டு நாள் கெடாது, பிறகு எதற்கு அந்த ஆடம்பரம் என்று உன் வீட்டு வாசலில் நின்றே சொல்லியிருக்கிறேன். பிறகு என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை முற்றி, இன்சுலின் போடச் சொல்லிவிட்டார்கள். தானா ராத்தா ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி, மருந்தை ஐஸ்பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்றாள். வெட்கத்தை விட்டு உன்னிடம்தான் வந்தேன். நீ ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கழுவித் துடைத்து, அதில் மருந்தை வைத்து, நடுத்தட்டில் முன்பக்கமாக இடம் ஒதுக்கினாய். "பின்னால தள்ளிடாதடி, அங்க உறைஞ்சிடும்" என்றாய். அன்றிலிருந்து அவருக்கு ஒரு மருந்துக் குப்பி தீர்ந்ததும் உன் பின்வாசலில் போய், "தங்கச்சி, மருந்து" என்பார். நீ மருந்தோடு ஒரு கோப்பைத் தேநீரும், சர்க்கரை போடாமல், நீட்டுவாய்.

அந்த ஐஸ்பெட்டியை நீ வைத்திருந்த இடம்தான் எனக்குப் பொறுக்கவே பொறுக்காது. ஊரில் எல்லாரும் குளிக்க ஹீட்டர் மாட்டிச் சுடுதண்ணீர் பிடிக்கிறார்கள். நீ மட்டும் கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் கட்டைகளைப் பொறுக்கி வந்து, காலையும் மாலையும் வெந்நீர் அடுப்பு எரித்தாய். அந்த அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு கை தள்ளி, நடுவில் ஒரு தகரத்தைச் சாத்தி, ஐஸ்பெட்டி. கிறுக்குத்தனம் என்று எத்தனை தடவை சொன்னேன்!

"ஏன்டி, ஐஸ்பெட்டியை யாராவது அடுப்புகிட்ட வைப்பாங்களா? மிஷின் கருகிடும். சன்னல்கிட்ட தள்ளுடி."

"விடுடி, அதுக்கும் குளிரும்" என்பாய். சொல்லிவிட்டு வாயைப் பொத்திச் சிரிப்பாய். நீ என்னைக் கேலி செய்கிறாய் என்றுதான் நினைத்தேன்.

ஆகவே பெட்டி என் வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அதை நல்ல இடத்தில் வைத்ததுதான். பின்வாசலை ஒட்டி, பனி உள்ளே வரும் சன்னலுக்குக் கீழே, வீட்டிலேயே அதிகம் குளிரும் மூலை. குளிரான இடத்தில் இருந்தால் பெட்டிக்குப் பாதி வேலை மிச்சம் என்று கணக்குப் போட்டேன். இருபது வருஷம் அடுப்போரம் அவதிப்பட்ட பெட்டிக்கு விமோசனம் கிடைத்தது என்று அவரிடம் பெருமை வேறு பேசினேன்.

ஒரு மாதத்தில் ஆரம்பித்தது தொல்லை. மழை பிடித்து இரண்டு நாள் ஆனால் போதும், மேலறையில் இருப்பதெல்லாம் இளகிவிடும். ஆனால் கீழே வைத்த பால் ஜில்லென்று இருக்கும். இதென்ன கூத்து? தண்ணீர் போகிற ஓட்டை அடைத்திருக்கும் என்று உன் மகன் போனில் சொன்னான். பின்சுவரின் அடியில் விரல் நுழையாத ஒரு ஓட்டை, அதில் ஒரு கருவேப்பிலை. பஞ்சு சுற்றிய குச்சியால் குத்தி, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிச் சரிசெய்தேன். தண்ணீர் ஒழுங்காகப் போனது, ஐஸ் மட்டும் நிற்கவில்லை. கதவு ரப்பர் தளர்ந்திருக்கும் என்றார் அவர். நாள்காட்டித் தாள் ஒன்றைக் கதவில் வைத்துச் சாத்தி இழுத்துப் பார்க்கச் சொன்னார். தாள் சுலபமாக உருவி வந்தால் ரப்பர் போச்சாம். நான் இழுத்த இழுப்பில் தாள் கிழிந்து, ராகு காலம் என் கையிலும் நல்ல நேரம் கதவிலும் மாட்டிக்கொண்டது. ரப்பர் இரும்பாக இருந்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பின்கம்பியெல்லாம் உன் அடுப்புக் கரி. ஆகா, பிடித்துவிட்டேன் என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து பிரஷால் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க உன்னைத் திட்டினேன். கை கறுத்ததுதான் மிச்சம்.

ரிப்பேர்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் கேஸ் இல்லை என்று கேஸ் அடைத்தான். இன்னொருவன் ஏதோ ஒரு சாமானை மாற்றினான். அவர்கள் வருகிற நாளில் எல்லாம் நல்ல வெயில். பெட்டியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோலக் கை கட்டிக்கொண்டு ஒழுங்காக இருக்கும். "நல்லாத்தானே ஓடுது ஆண்ட்டி" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் போன மறுநாள் மழை வரும், மீன் இளகும். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

பொறுமை போய் ஒருநாள் உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கும் திருகியைக் கடைசி வரைக்கும் முறுக்கி வைத்தேன். நாலு நாள் வெயில் அடித்தது. இனி இதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. காய்கறிக்கு இடம் வேண்டும் என்று உன் டப்பாவை நான் பின்பக்கம் தள்ளி வைத்திருந்தேன். எடுத்தபோது மருந்து ஐஸாக இருந்தது. வெளியே வைத்தேன், இளகியது. பார்க்க ஒன்றும் வித்தியாசமில்லை. ஐஸ் ஆகி இளகினால் என்ன, மருந்து மருந்துதானே என்று அவர் கையில் கொடுத்தேன். என்னை நம்பி அவரும் போட்டுக்கொண்டார். ஐந்தாம் நாள் மத்தியானம் கோயில் படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் சர்க்கரை எங்கேயோ ஏறி நிற்கிறது. மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டு, "மருந்து ஐஸ் ஆச்சாம்மா? ஐஸ் ஆனா அது வெறும் தண்ணி மாதிரிதான். தூக்கிப் போட்டிருக்கணும்லா" என்றாள். அவர் படுக்கையில் இருந்துகொண்டு, "அவளைத் திட்டாதம்மா, பெட்டி சரியில்ல" என்றார். அதைக் கேட்டுத்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

அவர் தேறி வந்துவிட்டார். புது மருந்தும் இந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. ஆகவேதான் இன்று காலை மீன் தண்ணீரைப் பார்த்ததும், இனி ஒரு நாளும் பொறுக்க முடியாது என்று, கொட்டுகிற மழையிலேயே பிரிஞ்சாங் டவுனிலிருந்து ரிப்பேர் பார்க்கும் ஒரு சீனரை வரவழைத்தேன். பக்கத்துத் தோட்டத்தில் நம் பிள்ளைகளோடு வளர்ந்தவராம். நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுகிறார்.

அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. சன்னலைப் பார்த்தார், ஈரத் தரையைப் பார்த்தார், தன் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"யக்கா, இத யாரு இங்க வச்சது?"

"நான்தான். ஏன்?"

"பொட்டிக்கு ஒரு நோவும் இல்ல. இதுக்குக் குளிருதுக்கா."

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். "குளிரு பார்க்குற சாமான் கீழ்ப் பொட்டிக்குள்ளதான் இருக்கு. மழை நாள்ல இந்த மூலையே ஐஸா கெடக்கு. அது பார்க்குது, குளிராத்தானே இருக்கு, ஓட வேணாம்னு மிஷினை நிப்பாட்டிடுது. மிஷின் ஓடாட்டி மேல ஐஸ் எப்படி நிக்கும்? நீங்க திருகியப் போட்டு முறுக்கியிருப்பீங்க, வெயில் வந்தா விடாம ஓடி கீழ உள்ளதெல்லாம் கல்லாயிடும். இது முன்ன எங்க இருந்துச்சு?"

"பக்கத்து வீட்ல, அவ வெந்நீர் அடுப்புப் பக்கத்துல. ஒரு கை தள்ளி."

"நடுவுல ஏதும் மறைப்பு?"

"தகரம் இருந்துச்சு."

"அந்தம்மா கெட்டிக்காரிலா" என்று சிரித்தார்.

தெரிந்து வைத்தாயா, தெரியாமல் வைத்தாயா? தெரிந்திருந்தால் ஒரு நாளாவது என்னை உட்கார வைத்து ஒழுங்காகச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இப்படித்தான் இன்று மத்தியானம் முழுக்க உன்னோடு மனசுக்குள் மல்லுக்கட்டினேன். ஆனால் நீ சொல்லத்தான் செய்தாய். அதுக்கும் குளிரும் என்று எத்தனை தடவை சொன்னாய். நான்தான் கேட்கவில்லை.

நான் கேட்காதது அது ஒன்றுதானா?

ஐப்பசி மாதம், தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. நான் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். நீ சுவரைத் தட்டினாய். "குளிருதுடி" என்றாய். எண்ணெய் காய்ந்து கிடக்கிறது, கை முழுக்க மாவு. "ஐப்பசியில குளிராம வேர்க்கவா செய்யும்? கம்பளியை இழுத்துப் போத்திட்டுப் படுடி" என்று இங்கிருந்தே கத்தினேன். நீ மறுபடியும் தட்டவில்லை. முறுக்கு எடுத்துக்கொண்டு சாயங்காலம் வந்து பார்த்தபோது உன் பற்கள் கிட்டித்து, உடம்பு தணலாய்க் கொதித்தது. வெந்நீர் அடுப்பு அன்று எரியவே இல்லை. தானா ராத்தாவிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் நீ இல்லை. ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஏதோ சொன்னார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நான் தினமும் அதை முடித்துப் பார்க்கிறேன். ஒரு சுவர்தான்டி நடுவில். மாவுக் கையோடு வந்து உன்னைத் தொட்டுப் பார்த்திருக்கலாம்.

சீனரும் என் வீட்டுக்காரருமாகப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். வீட்டிலேயே சூடான இடம் அதுதான். வருகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மருந்து உன் டப்பாவில், நடுத்தட்டில், முன்பக்கமாக இருக்கிறது. திருகியைப் பாதியில் நிறுத்தி, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டேன், என் கையை எனக்கே நம்பிக்கையில்லை. பெட்டி மெல்ல முனகிக்கொண்டு ஓடுகிறது. ஹாலில் உட்கார்ந்து இதை எழுதும்போது நீ பக்கத்தில் அடுப்பு ஊதுவதுபோல் இருக்கிறது.

சற்று முன்பு அவர் நாற்காலியில் இருந்தபடியே, "குளிருதுடி" என்றார். பேனாவைப் போட்டுவிட்டு எழுந்து போய் அவர் நெற்றியில் கை வைத்தேன். கழுத்தில் வைத்தேன். இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தேன்.

"என்னடி ஆச்சு ஒனக்கு? சன்னலைச் சாத்தச் சொன்னேன், அவ்வளவுதான்லா" என்றார்.

சாத்தினேன். ஆனால் அதற்கு முன்பு கொஞ்ச நேரம் அவர் கையை விடாமல் அப்படியே நின்றேன்.